மியூசியம் திரும்பத் திறக்கப் போறாங்க, நம்ம ஏரியா சனம் உள்ள வர என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்புல எங்கட கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சின்ன மியூசியம் இருக்கு, திருத்த வேலைன்னு கன காலமா பூட்டிக் கிடந்தது, இப்ப கூரை, தரை, லைட் எல்லாம் மாத்தி திறக்கப் போறாங்க. அவங்க இன்னும் வெளிய அறிவிக்கல, அதால பேரைப் போடல. முதல் நாள் பெரிய ஆக்களுக்கு, அடுத்து வாற ஞாயிறு முழுக்க ஏரியா சனத்துக்கு, டிக்கட் இல்ல. அந்த ஞாயிறுக்கு தமிழ் பேசுற குடும்பங்களைக் கூட்டி வாற பொறுப்பை எங்கட மாதர் சங்கத்துக்கு தந்திருக்காங்க.

எங்கட குடியிருப்புத் தோட்டத்துச் சனத்துல முக்காவாசிப் பேர் அந்த கேட்டைத் தாண்டி உள்ள கால் வச்சதே இல்ல. அதே மதிலோரத்துல ஒரு அம்மா காலைல இடியப்பம் விக்கிறா, கலியாணம் முடிச்ச காலத்துல இருந்து அங்கதான், அவகிட்ட ஞாயித்துக்கிழமை வாங்கன்னு சொன்னதும் முதல்ல கேட்டது "செருப்போட உள்ள விடுவாங்களா புள்ள?" அடுத்தது "நமக்கு அங்க என்ன இருக்கு?" ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, அதுதான் இங்க வந்து கேக்குறேன்.

கமிட்டி போட்ட பிளான்ல மேளம் இருக்கு, பிள்ளைகள்ட டான்ஸ் இருக்கு, வடை, பிளேன்டி ஸ்டால், பேச்சு எல்லாம் இருக்கு, ஆனா எல்லாமே வெளி முத்தத்துல. சனம் வரும், சாப்பிடும், போட்டோ எடுக்கும், அப்பிடியே வெளிய போயிடும்னுதான் எனக்குப் பயம். உள்ள போய் ஒரு சாமானுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் நிக்க வைக்கணும். உள்ள இருக்கிறது பழைய துறைமுகப் படங்கள், தராசு, படிக்கல், மரப்பெட்டிகள், கொஞ்சம் ஏட்டுச்சுவடி. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வரலாறு டீச்சர்:

தங்கச்சி, அந்த அம்மா கேட்ட ரெண்டாவது கேள்வியை வச்சே நாளைத் தொடங்குங்க. எல்லாத்தையும் சுத்திக் காட்டப் போனா ஒண்டும் மனசுல நிக்காது. மூணு சாமான் மட்டும் தெரிவு செய்ங்க, அந்த மூணுக்குப் பக்கத்துலயும் தமிழ்ல கதை சொல்ல ஒரு ஆள் நிக்கட்டும். எங்கட ஓஎல், ஏஎல் படிக்கிற பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பழக்கி எடுக்கலாம், அவங்கட அம்மா அப்பா பிள்ளை பேசுறதைப் பாக்கவே உள்ள வருவாங்க.

கதை எப்பிடி வேலை செய்யும்னு ஒரு உதாரணம் சொல்றேன். கொழும்பு தேசிய மியூசியத்துக்கு பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகும்போது நான் முதல்ல நிறுத்துறது காலி மும்மொழிக் கல்வெட்டுக்கு முன்னால. பாத்தா தேஞ்சு போன ஒரு கல்லு, பிள்ளைகள் கடந்து போகத்தான் பாப்பாங்க. ஆனா சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கப்பல்ல கொண்டு வந்து நட்ட கல்லு அது, 1409ம் ஆண்டு தேதி போட்டது, ஒரே கல்லுல சீனம், தமிழ், பாரசீகம் மூணும் இருக்கு. சீனத்துல புத்தருக்கு காணிக்கை, பாரசீகத்துல இஸ்லாத்துக்கு, தமிழ்ல தேவந்துறையில இருந்த தேனாவரை நாயனாருங்கிற சாமிக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளின்னு காணிக்கைப் பட்டியலும் செதுக்கி இருக்கு. பிறகு அந்தக் கல்லு எங்க கிடந்ததுன்னு பிள்ளைகள்கிட்ட கேப்பேன். காலியில ஒரு வடிகானுக்கு மூடியா கவுத்துப் போட்டிருந்தாங்க, 1911லதான் ஒரு எஞ்சினியர் கண்ணுல பட்டது. இதைச் சொன்ன பிறகு ஒரு பிள்ளையும் அந்தக் கல்லை விட்டு நகராது, தமிழ் எழுத்து எங்க இருக்குன்னு குனிஞ்சு தேடுவாங்க.

உங்கட மியூசியத்துல படிக்கல்லு இருக்குன்னு சொன்னீங்க, அது போதும். செட்டியார் தெருவுல, அஞ்சுலாம்பு சந்தியில கடை வச்சவங்க, துறைமுகத்துல மூட்டை தூக்கின நாட்டாமிமார், இவங்கட கை பட்ட சாமான் அது. அந்த வேலை தெரிஞ்ச ஒரு வயசானவரைக் கூட்டி வந்து தராசுக்குப் பக்கத்துல உக்கார வச்சு கதைக்க விடுங்க, என்னை மாதிரி டீச்சர் ஆயிரம் சொன்னாலும் அவர் சொல்றதுக்கு ஈடாகாது.

வாழைத்தோட்டத்துப் பேரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீச்சர் தேசிய மியூசியத்தைச் சொன்னதால அதுட திறப்பு விழாக் கதையையும் சொல்லத்தான் வேணும், எங்கட பக்கத்துல உம்மாமார் வாயால கேட்டு வளந்த கதை. கவர்னர் வில்லியம் கிரெகரி 1877 ஜனவரி 1ம் திகதி அதைத் திறந்தாரு, பிளான் போட்டது ஸ்மிதர்ங்கிற வெள்ளைக்காரன், ஆனா கட்டி முடிச்சது எங்கட அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவுக்கு முஸ்லிம் சனம் நிறைய வந்திருந்தாங்க, கவர்னர் இவருகிட்ட உமக்கு என்ன கௌரவம் வேணும்னு கேட்டாராம், அவரு தனக்குன்னு பட்டம் ஒண்டும் கேக்கல, வெள்ளிக்கிழமைல மியூசியத்தைப் பூட்டி வைக்கணும்னு கேட்டாராம். அப்பிடியே கன காலம் வெள்ளிக்கிழமைல பூட்டித்தான் இருந்திச்சி. நான் சின்னதுல இருந்தே அந்த வெள்ளைக் கட்டடத்தை "எங்கட ஆள் கட்டினது"ன்னுதான் பாக்குறேன், உள்ள இருக்கிற சிம்மாசனம் எல்லாம் எனக்கு அதுக்குப் பிறகுதான்.

அதால நான் கேக்குறது, உங்கட மியூசியத்துல இப்ப திருத்த வேலை செஞ்சது யாரு? மேசன் பாஸ், ஓடு மாத்தினவங்க, மரவேலைக்காரர், பெயிண்ட் அடிச்சவங்க, இவங்கள்ல ஏரியா ஆக்கள் நிச்சயமா இருப்பாங்க. அவங்களை குடும்பத்தோட கூப்பிட்டு, முத்தத்துல வச்சு பேரைச் சொல்லி மரியாதை செய்ங்க. ஒரு பாஸ் தன்ட பேரப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் "இந்த உத்தரம் நான் ஏத்தினது"ன்னு காட்டினா அந்தக் குடும்பம் பிறகும் வரும்.

நேரத்தையும் பாத்துக்கொள்ளுங்க. காலைல பூசைக்குப் போறவங்க இருக்காங்க, பகல்ல லுஹர் தொழுகை, முக்கியமான நிகழ்ச்சியை அஸருக்குப் பிறகு, வெயில் தாழ வைங்க. கேட்டுல நிக்கிற செக்கியூரிட்டிக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க, அவரு முகம் சுளிச்சா அங்கயே பாதிப் பேர் திரும்பிடுவாங்க.

சுவடிப்பெட்டி:

நான் மியூசியங்கள்ல பாதுகாப்பு வேலை செஞ்சவன், ஒரு சில விஷயம் கட்டாயம் சொல்லணும். குத்துவிளக்கு ஏத்துறதா இருந்தா முத்தத்துலயே ஏத்துங்க, உள்ள வேணாம். கற்பூரம், சாம்பிராணியும் அப்பிடித்தான். எண்ணெய்ப் புகை படத்துலயும் சுவடியிலயும் போய் ஒட்டினா பிறகு எடுக்குறது பெரிய பாடு. கை வியர்வையில உப்பு இருக்கு, பித்தளை, வெண்கலம் தொட்ட இடத்துல கொஞ்ச நாள் போக கறுத்து அரிக்கத் தொடங்கும், அதுவும் கொழும்பு மாதிரி கடல்காத்து ஊருல சொல்லவே வேணாம்.

ஆனா தொடாதீங்க தொடாதீங்கன்னு ஒவ்வொரு மூலையிலயும் போர்டு வச்சா அந்த இடியப்பம் விக்கிற அம்மா பயந்தது சரின்னு ஆயிடும். அதுக்குப் பதிலா வாசலுக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டு, திருத்த வேலையில கழட்டின பழைய ஓடு, ஆணி, மரத்துண்டு, வெறும் பனையோலை, எழுத்தாணி எல்லாம் வைங்க, சின்னப் பிள்ளைகள் தொட்டு, ஓலையில கீறிப் பாக்கட்டும். கீறின எழுத்துக்கு மேல மை பூசித் துடைச்சா எழுத்து மட்டும் கறுப்பா தெரியும், அதை ஒரு ஆள் செஞ்சு காட்டினா போதும், பெரியவங்களும் சுத்தி நிப்பாங்க. அந்த வழியா உள்ள அனுப்புங்க.

மழை வந்தா குடை வைக்க வாசல்ல ஒரு வாளி வைங்க, ஈரம் உள்ள போகக்கூடாது. சுவடி இருக்கிற ரூமுக்கு கொஞ்சம் கொஞ்சமா ஆக்களை விடுங்க, பிளாஷ் வேணாம், ஓலையும் பழைய போட்டோவும் பட்ட வெளிச்சத்தை எல்லாம் சேத்து வச்சு மங்கிப் போகும்.

கொட்டாஞ்சேனைக்காரி:

டீச்சர், நானா, அண்ணா எல்லாருக்கும் நன்றி. பாஸ்மாரைக் கூப்பிடுற யோசனையை இண்டைக்கே கமிட்டிக்கு சொன்னேன், உடனே சரின்னுட்டாங்க. ஓலை மேசைக்கும் சம்மதம். இன்னொண்டு கேக்கணும், எங்கட வீடுகள்ல பழைய போட்டோ நிறைய இருக்கு, ஆடிவேல் தேர் போறது, துறைமுக ஸ்ட்ரைக் காலம், ரேஷன் கூப்பன் புத்தகம் கூட வச்சிருக்காங்க. அதை வாங்கி ஒரு சுவர்ல மாட்டலாமா?

சுவடிப்பெட்டி:

மாட்டுங்க, ஆனா மூலப்படத்தை வாங்கி வைக்காதீங்க. வீட்டுக்காரர் கண்ணுக்கு முன்னாலயே ஸ்கேன் பண்ணி கையோட திருப்பிக் குடுங்க, பிரிண்டை மாட்டுங்க. படத்துல யாரு, எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த வருஷம்னு அவங்க சொல்றதை அப்பவே எழுதிக்கொள்ளுங்க, அந்த விவரம் இல்லாட்டி பத்து வருஷத்துல அது யாரோ ஒரு ஆள்ட படமாத்தான் இருக்கும். பேர் போட விருப்பமான்னும் கேளுங்க.

பம்பலப்பிட்டி வாசகன்:

நல்ல திரி. நான் சொல்ல வாறது சின்ன விஷயம், ஆனா எனக்கு இது மனசுல பெரிய குறை. புதுசா போடுற லேபிள் எல்லாம் அச்சுக்குப் போக முன்னம் தமிழ் தெரிஞ்ச ரெண்டு பேரை வச்சு வாசிக்க வைங்க. நம்ம ஊருல எத்தனையோ போர்டுல தமிழ் பிழையா கிடக்கு, சில இடத்துல அர்த்தமே மாறிப் போயிருக்கு. அவ்வளவு செலவழிச்சு திருத்தின கட்டடத்துல ஒரு பாட்டி பேரனுக்கு வாசிச்சுக் காட்டப் போய் அரைவாசியில நிக்கக்கூடாது. எழுத்தைப் பெருசா, சக்கர நாற்காலியில இருக்கிறவங்களுக்கும் எட்டுற உயரத்துல போடச் சொல்லுங்க. வேணும்னா நான் வாசிச்சுத் தாறேன், காசு வேணாம்.

வரலாறு டீச்சர்:

லேபிள் வேலைக்கு நானும் வாறேன்.

கொட்டாஞ்சேனைக்காரி:

லேபிள் அச்சுக்குப் போக இன்னும் டைம் இருக்காம், ரெண்டு பேருக்கும் இன்பாக்ஸ்ல அனுப்புறேன். நேத்து பின்னேரம் மியூசியத்து ஆள் ஒருத்தரையும் கூட்டிட்டு இடியப்பம் விக்கிற அம்மாகிட்ட போனேன், செருப்போட வரலாம்னு அவரே நேர்ல சொன்னாரு. அவட மாமனார் துறைமுகத்துல நாட்டாமியா இருந்தவராம், தோள்ல போடுற சாக்குத்துணியோட நிக்கிற படம் ஒண்டு வீட்டுல மாட்டி இருக்காம், ஸ்கேன் பண்ணத் தாறேன்னா. தராசுக்குப் பக்கத்துல உக்காந்து கதை சொல்லவும் கேட்டிருக்கேன், மகனைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னா.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆட்டுப்பட்டித்தெரு, முகத்துவாரம் பக்கம் பழைய படம் வச்சிருக்கிறவங்க இருந்தா இந்தத் திரியிலயே சொல்லுங்க, சனிக்கிழமை பின்னேரம் ஸ்கேனரோட வீட்டுக்கு வாறோம்.