டப்பாவில் 139 கலோரி, பெருக்கிப் பார்த்தால் 173: எது சரி?

அண்ணாநகர்_வாசகி:
சர்க்கரை சேர்க்காத வெனிலா ஐஸ்கிரீம், 700 மி.லி. டப்பா. பின்பக்கப் பட்டியலில் 100 கிராமுக்குப் போட்டிருப்பது: எனர்ஜி 139 கிலோ கலோரி, புரதம் 4 கி, மாவுச்சத்து 28 கி (அதில் சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் மால்டிடால் என்ற இனிப்பு 14, நார்ச்சத்து 6), கொழுப்பு 5 கி. கிராமுக்குப் புரதம், மாவுச்சத்துக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று பெருக்கினால் 16 + 112 + 45 = 173 வருகிறது. மீதி 34 எங்கே போனது?

இன்னொரு குழப்பம். டப்பாவின் அளவு மி.லி.யில், கலோரி கிராமில். 700 மி.லி.க்கு ஏழால் பெருக்கி 973 என்று எடுத்துக்கொள்வதா? வீட்டிலேயே செய்தால் கணக்கு எப்படிப் போடுவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

தராசுமுள்:
டப்பா சரிங்க. மாவுச்சத்து 28 கிராமையும் ஒரே 4-ஆல் பெருக்கியதில்தான் அந்த 34 வந்தது. மால்டிடால் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. ஐரோப்பியக் கணக்கில் கிராமுக்கு 2.4, அமெரிக்காவில் 2.1. நார்ச்சத்துக்கு 2. இப்போது பிரித்துப் போடுங்கள்:

மால்டிடால் 14 × 2.4 = 33.6
நார்ச்சத்து 6 × 2 = 12
மீதி மாவுச்சத்து 8 × 4 = 32
புரதம் 16, கொழுப்பு 45

கூட்டினால் 138.6. அதைத்தான் 139 என்று அச்சடித்திருக்கிறார்கள்.

மால்டிடாலுக்குப் பதில் எரித்ரிட்டால் (இன்னொரு மாற்று இனிப்பு) என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம்தான். ஐரோப்பாவில் 0, அமெரிக்காவில் 0.2. அது பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் போய்விடும். ஐரோப்பிய டப்பாவாக இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். அங்கே மாவுச்சத்து எண்ணில் நார்ச்சத்து சேராது, தனி வரியாக இருக்கும். அதை மறுபடி கழித்துவிட்டால் கணக்கு உதைக்கும். எனர்ஜி கிலோ ஜூல் அளவில் மட்டும் இருந்தால், கலோரிக்கு மாற்ற 4.184-ஆல் வகுங்கள்: 580 கிலோ ஜூல் என்பது உங்கள் 139 கலோரிதான்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் ஒரு வார்த்தை. கலோரி குறைவு என்பதும் ரத்தச் சர்க்கரை ஏறாது என்பதும் ஒன்றல்ல. மால்டிடால் ஏற்றும், சர்க்கரையைவிடக் குறைவாக. அந்த மீதி 8 கிராமிலும் பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸ் இருக்கும். உங்கள் டப்பாவில் மால்டிடால் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் வயிற்றுப்போக்கு எச்சரிக்கை வரியும் அச்சாகியிருக்க வேண்டும், பாருங்கள். பிள்ளைகளுக்குக் கிண்ணம் நிறையக் கொடுத்துவிடாதீர்கள்.

பால்பண்ணை:
ஏழால் பெருக்காதீங்க. ஐஸ்கிரீமில் பாதி காற்று. கலவையை உறைய வைக்கும்போதே காற்றை அடித்து ஏற்றுவார்கள். ஒரு லிட்டர் கலவை இரண்டு லிட்டர் வரைகூட ஆகும். அதனால்தான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (நம் நாட்டின் உணவுத் தர ஆணையம்) ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறது (கொழுப்பு குறைத்த வகைகளுக்கு 475).

சமையலறைத் தராசில் புது டப்பாவை வைத்து எடை பாருங்கள். தீர்ந்ததும் காலி டப்பாவைக் கழியுங்கள். 385 கிராம் வந்தால் 139 × 3.85 = 535 கலோரி. 973 அல்ல.

டப்பாவைத் தராசில் வைத்து, டேர் பொத்தானை (எடையைப் பூஜ்யமாக்குவது) அழுத்தி, பிறகு கரண்டியால் எடுங்கள். திரையில் −33 என்று காட்டினால் கிண்ணத்துக்குப் போனது 33 கிராம். 60 மி.லி. கரண்டிக்கு ஏறத்தாழ அதுதான் வரும், அதாவது 46 கலோரி.

இந்தக் காற்றுக் கணக்கு தெரியாமல்தான் பலர் வகை மாற்றி ஏமாறுகிறார்கள். அதே 60 மி.லி. அளவில் பாருங்கள். 100 கிராமுக்கு 200 கலோரி உள்ள சாதாரண வெனிலா 33 கிராம் நிற்கும், 66 கலோரி. கொழுப்பே இல்லாத மாம்பழக் குச்சி ஐஸ் 100 கிராமுக்கு 110 கலோரி என்றாலும் அதில் காற்று இல்லை, 60 கிராம் நிற்கும், அதுவும் 66. குல்ஃபியில் பாலைச் சுண்டக் காய்ச்சி, காற்று ஏற்றாமல் உறைய வைக்கிறார்கள். 100 கிராமுக்கு 220 என்று வைத்தாலும் 130-ஐத் தாண்டிவிடும்.

சென்னை வெயிலில் கடையிலிருந்து எடுத்து வரும்போதோ கரண்ட் போனாலோ உருகி, மறுபடி உறைந்தால் காற்று வெளியேறி டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கும். மொத்தக் கலோரி அதேதான். ஆனால் அதே 60 மி.லி. கரண்டியில் இப்போது 48 கிராம் ஏறலாம், 67 கலோரி. கரண்டியை எண்ணாமல் எடையை நம்பச் சொல்வது இதனால்தான்.

அண்ணாநகர்_வாசகி:
தெளிவாகப் புரிந்தது, இருவருக்கும் நன்றி. டப்பா 428, காலி 43, ஆக 385 கிராம்தான். கடைகளில் ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்று எழுதியிருப்பது கலோரி குறைந்த வகையா?

தராசுமுள்:
இல்லைங்க. நம் நாட்டில் அந்தப் பெயருக்குப் பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று பொருள். பாமாயிலும் கிராமுக்கு 9, வெண்ணெய்க் கொழுப்பும் கிராமுக்கு 9. அதேபோல ‘லோ ஃபேட்’ என்றால் கொழுப்பு 2.5 சதவீதத்துக்குள், அவ்வளவுதான், சர்க்கரையைக் கூட்டியிருக்கலாம். ‘லோ கலோரி’ என்று சொல்ல 100 கிராமுக்கு 40-க்குள் இருக்க வேண்டும். பால் ஐஸ்கிரீம் அதற்குள் வருவது மிகக் கடினம். சாக்லேட் பூச்சு உள்ள குச்சியில் பூச்சு 10 கிராம் இருந்தாலே 55, 60 கலோரி.

கிண்டல்கரண்டி:
வீட்டில் செய்வதற்கு இந்த அளவு சரியாக வரும். ஆவின் நீல பாக்கெட் பால் 500 மி.லி. (3% கொழுப்பு, சுமார் 300 கலோரி), கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40 கி (143), சர்க்கரை 30 கி (120), எரித்ரிட்டால் 40 கி (கிட்டத்தட்ட 0), சோளமாவு 10 கி (36). மொத்தம் 600. ஆரஞ்சு பாக்கெட் எடுத்தால் பாலில் மட்டும் 150 கூடும்.

பால் பவுடரையும் சோளமாவையும் ஆறிய பாலில் கரைத்துக்கொண்ட பிறகே அடுப்பில் வையுங்கள், சூட்டில் கொட்டினால் கட்டி தட்டும். கரண்டியின் பின்பக்கம் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கி, பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்து, 40 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து மூன்று நான்கு தடவை அடியுங்கள்.

காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பொருள் 635 கிராம் என்றாலும் காய்ச்சும்போது ஆவியாகி 580-க்கு வந்துவிடும். 600-ஐ 580-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 100 கிராமுக்கு 103. பலர் 635-ஆல் வகுத்து 94 என்று எழுதிக்கொள்கிறார்கள், அது தப்பு.

சர்க்கரையை முழுக்க எடுத்துவிட்டு சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்புச் சொட்டு மட்டும் விட்டால் கல்லாக உறையும். இனிப்பு மட்டுமல்ல, தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாகாமல் தடுப்பதும் சர்க்கரையின் வேலை. எரித்ரிட்டாலை 40-க்கு மேல் கூட்டினால் குளிரில் படிகமாகி நாக்கில் மணல் போல நறநறக்கும். பால் பவுடரை அதிகம் போட்டாலும் லாக்டோஸ் அதே வேலையைச் செய்யும்.

கையால் அடித்ததில் காற்று குறைவு என்பதால் 60 மி.லி. கரண்டியில் சுமார் 52 கிராம் நிற்கும், 54 கலோரி. 100 கிராம் கணக்கில் உங்கள் டப்பாவைவிடக் குறைவு, கரண்டிக் கணக்கில் 8 கூடுதல். ஆகவே இதையும் டேர் போட்டே எடுங்கள்.