முன்கை திருப்பும் ஸ்பிளிண்ட் செய்பவர் சென்னையில் யார்?

வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கைக்கு அளவெடுத்து ஸ்பிளிண்ட் (கையில் மாட்டும் தாங்கு சட்டம்) செய்பவர் தெரிந்தால் சொல்லுங்க.

58 வயது அம்மா. வலது மணிக்கட்டில் ஆரை எலும்பு முறிந்து, உள்ளங்கைப் பக்கம் லாக்கிங் பிளேட் (திருகாணியால் எலும்பைப் பிடிக்கும் உலோகத் தகடு) வைத்து 7 வாரம். எலும்பு கூடிவிட்டது, விரல்கள் முழுசா மடங்குது. உள்ளங்கையை மேலே மலர்த்துவதுதான் 40 டிகிரியோடு நிற்கிறது. சில்லறை வாங்கக் கை நீட்டினால் தோளைச் சாய்த்துச் சமாளிக்கிறார். முழங்கையை விலாவோடு ஒட்டி அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

தேவை: முழங்கையை 90 டிகிரியில் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வகை. 30 நிமிடம், நாளைக்கு 3 தடவை. சர்ஜன் சம்மதித்துவிட்டார். மெடிக்கல் ஷாப் பெல்ட் உதவாது. அது மணிக்கட்டை நிறுத்தும், முன்கையைத் திருப்பாது.

கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ ஸ்டான்லி கைப் பிரிவிலோ வெளியில் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் செய்து தருவார்களா? கடிதம் வேண்டுமா?

இன்னொன்று. கட்டைவிரல் நுனியை மடக்கும்போது பிளேட் இருக்கும் இடத்தில் நறநறவென்று உரசல். தசைநாண் பிளேட் விளிம்பில் தேய்ந்தால் ஒருநாள் அறுந்தே போகும், அதனால் சர்ஜன் பார்க்கும்வரை பந்து அமுக்கும் பயிற்சி நிறுத்தம். இதுபோல் கண்டவர்கள் அல்ட்ராசவுண்ட் எங்கே எடுத்தீங்க?

எண்ணெய் நீவல், புத்தூர் கட்டு யோசனை வேண்டாமே, ப்ளீஸ்.