டிவி பதிவு மென்பொருள்: சேனல் தேடலில் ஒன்றுமே கிடைக்காதபோது புதியவருக்கு என்ன காட்டுவது?

பதிவுப்பெட்டி:

வணக்கம் நண்பர்களே.

டிவிஹெட்எண்ட் என்ற டிவி பதிவு மென்பொருளை வீட்டில் ஓட்ட நினைப்பவர்களுக்காக ஒரு சின்ன அமைப்புக் கருவி எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு பழைய கணினி, ஒரு யுஎஸ்பி ட்யூனர் (டிவி சிக்னலைப் பிடிக்கும் சாதனம்), ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. டெர்மினலைத் திறந்தே பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஒருவர் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தனக்குப் பிடித்த நிகழ்ச்சியைப் பதிவு செய்து பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட வேலை அவ்வளவுதான்.

டிவிஹெட்எண்டிலேயே விஸார்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 9981 போர்ட்டை முதல்முறை திறந்ததும் வரும். மொழி, யாருக்கு அனுமதி, எந்த நெட்வொர்க், எந்த மக்ஸ் (பல சேனல்களைச் சுமந்து வரும் ஓர் அலைவரிசை) பட்டியல், தேடல், அதில் கிடைக்கும் சேவைகளைச் சேனல்களாக மாற்றுவது என்று படிப்படியாகக் கூட்டிப்போகும். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. ஆனால் ஒரு மக்ஸுக்குள் பல சேவைகள் வரும், ஒரு சேனலுக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட சேவைகள் இருக்கலாம் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். என் பெரியம்மாவுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அவருக்கு இதை அமைத்தபோது மவுஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்துத்தான் அடுத்ததை அழுத்தினார். தேடல் பட்டை நூறு சதவீதம் வந்து நின்றது. சேவைகள் 0 என்று காட்டியது. "டிவி கெட்டுப்போச்சா கண்ணு?" என்று கேட்டார். டிவி, ஆன்டெனா, ட்யூனர் மூன்றும் நன்றாகவே இருந்தன. ட்யூனருக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) மட்டும் அந்தக் கணினியில் இல்லை. இயங்குதளத்தின் பதிவேடான கெர்னல் லாகில் அது ஒரே வரியில் இருந்தது. கணினிக்குத் தெரிந்த விஷயம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைக்குத்தான் இந்தக் கருவியை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்தேன்.

இப்போது என் கருவி மூன்று கேள்வி கேட்கிறது. சிக்னல் ஆன்டெனாவா, கேபிளா, டிஷ்ஷா; எந்த ஊர் ஒளிபரப்புக் கோபுரம்; பதிவுகளை எந்த டிஸ்க்கில் வைப்பது. இதையும் குறைக்க முடியுமா? அதைவிட முக்கியமாக, தேடல் பூஜ்ஜியத்தில் முடிந்தால் அந்த இடத்தில் என்ன காட்டுவீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அலைக்கம்பம்:

நல்ல வேலை எடுத்திருக்கீங்க. பூஜ்ஜியத்துக்கு அஞ்சாறு காரணம் இருக்கலாம், எல்லாத்தையும் கணினியே பிரிச்சுப் பார்க்க முடியும். அதனால அந்த எண்ணைத் திரையில காட்டவே காட்டாதீங்க. அது இருக்கிற இடத்துல காரணத்தைக் காட்டுங்க.

கீழேர்ந்து மேலே போங்க. யுஎஸ்பி பட்டியல்ல ட்யூனர் தெரியுது, ஆனா லினக்ஸ்ல சாதனங்கள் தெரியற டெவ் அடைவுக்குள்ள டிவிபி (டிஜிட்டல் டிவி) அடாப்டர் உருவாகலைன்னா டிரைவர் இல்லைன்னு அர்த்தம். அடாப்டர் வந்துட்டாலும் நிம்மதியா இருந்துடாதீங்க. அலையைத் தரவா மாத்தற டெமாடுலேட்டர் சிப்கள் பலது, ஃப்ரன்ட்எண்டை (ட்யூனரை மென்பொருள் அணுகற வாசல்) முதல்முறை திறக்கும்போதுதான் ஃபர்ம்வேரைக் கேட்கும். உங்க பெரியம்மா வீட்டுல நடந்தது அதுவாகத்தான் இருக்கும். எஸ்ஐ2168 சிப்னா லாகில் அந்தக் கோப்போட பேரும், கடைசியில "எர்ரர் -2"ன்னும் வரும். -2ன்னா கோப்பே இல்லைன்னு பொருள். ஆக ஃப்ரன்ட்எண்டை ஒருமுறை திறந்து மூடிட்டு, அதுக்கப்புறம் லாகைப் படிங்க. திறக்காம படிச்சா எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

அடுத்தது லாக் (lock) கிடைக்குதாங்கிறது, அதாவது ட்யூனர் ஒளிபரப்பைச் சரியாப் பிடிச்சு நிக்குதாங்கிறது. மேலே சொன்ன பதிவேட்டு லாக் (log) வேற. லினக்ஸ் டிவிபி சும்மா ஆமா இல்லைன்னு சொல்லாது. சிக்னல், கேரியர், விட்டர்பி, சிங்க், லாக்னு அஞ்சு நிலை சொல்லும். எந்த அலைவரிசையிலயும் முதல் நிலைகூட வரலைன்னா "ஆன்டெனா வயர் செருகியிருக்கான்னு பாருங்க"ன்னு தைரியமா சொல்லலாம். சிக்னலும் கேரியரும் வருது, லாக் மட்டும் வரலைன்னா வயர் மேல பழி போடாதீங்க. டிவிபி-டிங்கிற பழைய ஆன்டெனா ஒளிபரப்புத் தரத்துக்கான ட்யூனரை வச்சு, அதோட அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 ஒளிபரப்பைப் பிடிக்கப் பார்த்தா எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் லாக் வராது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல வர்றதை 7ன்னு வச்சுத் தேடினாலும் அதே கதைதான். ஆன்டெனாவுக்கு நடுவுல பூஸ்டர் போட்டு சிக்னல் அளவுக்கு மீறிப் போனாலும் லாக் விழாது. இதைப் பல பேர் நம்ப மாட்டாங்க, இன்னொரு பூஸ்டர் வாங்கப் போவாங்க.

லாக் ஆகியும் ஒன்னும் வரலைன்னா பாக்கெட்டை எண்ணுங்க. 188 பைட் பாக்கெட், ஒவ்வொன்னும் 0எக்ஸ்47ங்கிற பைட்ல ஆரம்பிக்கணும். அதுவே வரலைன்னா யுஎஸ்பி ஹப், மின்சாரம் பக்கம் பாருங்க. பாக்கெட் வருது, சேவைப் பட்டியலும் வருது, ஆனா ஒன்னுகூட ஓடலைன்னா பெரும்பாலும் எல்லாமே பூட்டப்பட்ட கட்டணச் சேனலா இருக்கும். ஒளிபரப்போட வர்ற எஸ்டிடிங்கிற சேவை அட்டவணையில ஒவ்வொரு சேவைக்கும் அதுக்கு ஒரு கொடி உண்டு. "இத்தனை சேனல் கிடைச்சது, எல்லாமே பூட்டியவை"ங்கிறது உண்மையான பதில். ஆள் ஆன்டெனாவைத் திருப்பிட்டு நிக்க மாட்டார்.

கேள்விகளுக்கு வர்றேன். எந்த ஊர்க் கோபுரம்னு கேட்கறதை எடுத்துடலாம். முன்கூட்டித் தொகுத்த மக்ஸ் பட்டியல் சீக்கிரம் பழசாயிடும். பல நாடுகள்ல 694லேர்ந்து 790 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மொபைலுக்குக் கொடுத்தப்போ சேனல்கள் எல்லாம் இடம் மாறிச்சு. 8 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் இருக்கிற இடத்துல யுஎச்எஃப் 21லேர்ந்து 48 வரை மொத்தம் 28 இடம்தான், 474ல ஆரம்பிச்சு 690ல முடியும். ஒவ்வொன்னா எட்டிப் பார்க்க சில நிமிஷம் ஆகும். ஊர்ப் பேரைத் தேடித் தப்பாத் தேர்ந்தெடுக்கறதைவிட அது எவ்வளவோ மேல். வேற அகலம், வேற தரமுள்ள நாடுகளுக்கு இன்னொரு அட்டவணை வச்சுக்கங்க.

ஆன்டெனாவா டிஷ்ஷான்னும் எப்பவும் கேட்க வேண்டியதில்லை. எந்தெந்த ஒளிபரப்பு வகை தெரியும்னு ஃப்ரன்ட்எண்டையே கேட்கலாம். எஸ், எஸ்2ங்கிற டிஷ் வகைகள் இல்லாத ட்யூனர்கிட்ட டிஷ் பத்திப் பேச்சே வேண்டாம்.

சும்மா_ஒரு_பயனர்:

நான் நிரல் எழுதத் தெரியாதவள். போன வருடம் இதே மென்பொருளை ஒருவர் எழுதிய வழிகாட்டியை வைத்து நானே நிறுவினேன். எனக்கு எது கஷ்டமாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

தேடல் நடக்கும்போது ஒரு பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும், என்ன கிடைத்தது என்று தெரியாது. அதற்குப் பதில் ஒவ்வொரு சேனல் பெயரும் கிடைக்கக் கிடைக்க வந்து விழுந்தால் போதும். பழக்கமான ஒரு பெயரைப் பார்த்துவிட்டால் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பேன். முதல் சேனல் கிடைத்ததுமே "ஓட்டிப் பார்க்கவா?" என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

இன்னொன்று, பதிவுக்கு முன்னும் பின்னும் எத்தனை நிமிடம் சேர்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு என்ன தெரியும்? நீங்களே ஒரு அளவு வைத்துவிடுங்கள். முடிவு வெட்டுப்பட்டுப்போனால் மட்டும் தாராளமாக்க ஓர் இடம் இருக்கட்டும். முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருக்கலாம், நிகழ்ச்சிகள் சீக்கிரம் தொடங்குவதைவிடத் தாமதமாக முடிவதுதான் அதிகம்.

கோளாறு வந்தால் எனக்குப் புரியும் ஒரு வரிக்குக் கீழே, உங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் விவரத்தை அப்படியே நகலெடுக்க ஒரு பொத்தான் கொடுங்கள். உதவி கேட்கப் போகும் இடத்தில் எல்லாம் "லாக் ஃபைல் கொடுங்க" என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கும்.

வட்டுக்காரன்:

எல்லாரும் சிக்னலைப் பத்தியே பேசறீங்க. எனக்குத் தெரிஞ்சு சேனல் கிடைச்சதுக்கப்புறம் கைவிட்டுப் போறவங்கதான் அதிகம், காரணம் டிஸ்க். மூணாவது கேள்வியைக் கேளுங்க, ஆனா பதிலை நம்பிடாதீங்க, சோதிச்சுப் பாருங்க.

முதல்ல ஃபேட்32ங்கிற பழைய கோப்பு முறை. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 8 மெகாபிட் வர்ற ஒரு எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி எடுத்துக்கும். ஒரு மணி பத்து நிமிஷம் தாண்டினதும் கோப்பு வளராது. அரைமணி நேர நிகழ்ச்சி நல்லாப் பதிவாகும், நீளமான சினிமா மட்டும் பாதியில நிக்கும், சிக்னல் கோளாறுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போதே கோப்பு முறை என்னன்னு பார்த்துச் சொல்லிடுங்க. அதுக்காக நீங்களா ஃபார்மட் பண்ணிடாதீங்க, அதுல அவங்க போட்டோ இருக்கும்.

ரெண்டாவது அனுமதி. டிவிஹெட்எண்ட் வழக்கமா எச்டிஎஸ் (hts)ங்கிற தனிப் பயனர் பேர்ல ஓடும். டெஸ்க்டாப்ல யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகினா மீடியா அடைவுக்குள்ள உங்க பேர்ல ஒரு அடைவு வந்து, அதுக்குள்ள மவுண்ட் ஆகும், அதாவது டிஸ்க் அங்கே இணைஞ்சு தெரியும். அந்த அடைவுக்குள்ள நுழைய உங்களுக்கு மட்டும்தான் அனுமதி. நீங்க எழுதிப் பார்த்தா எழுதும், பதிவு மென்பொருள் எழுதினா எழுதாது. ஆக உங்க கருவி எழுதிப் பார்க்கிற சோதனையை எச்டிஎஸ் பயனராத்தான் செய்யணும்.

மூணாவது எனக்கு ரொம்ப முக்கியம். அந்த மாதிரி மவுண்ட் யாராவது லாகின் செஞ்சாத்தான் நடக்கும். ராத்திரி மின்சாரம் போய் வந்து கணினி தானா எழுந்தா, லாகின் திரையோட நிக்கும். டிஸ்க் இருக்காது, பதிவும் இருக்காது. சரி, எஃப்எஸ்டேப்ங்கிற மவுண்ட் பட்டியல் கோப்புல எழுதி நிரந்தரமா மவுண்ட் பண்ணினாலும், டிஸ்க் மெதுவா எழுந்து சேவை முந்திக்கிட்டா அந்த வெறும் அடைவுக்குள்ளேயே பதிவு போய் விழும். சிஸ்டம் டிஸ்க் நிறைஞ்சு கணினியே திணறும். சேவைகளைக் கிளப்பிவிடற சிஸ்டம்டியில அந்த அடைவு மவுண்ட் ஆகற வரைக்கும் சேவை கிளம்பக் கூடாதுன்னு ஒரே வரியில சொல்லலாம். உங்க கருவி அதை எழுதிக் கொடுத்தா நிறையப் பேர் தப்பிப்பாங்க.

பதிவுப்பெட்டி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அலைக்கம்பம் சொன்னபடி பூஜ்ஜியத்தைத் தூக்கிவிட்டேன். இப்போது கருவி ஃப்ரன்ட்எண்டைத் திறந்து மூடிய பிறகே லாகைப் படிக்கிறது. ஃபர்ம்வேர் இல்லையென்றால் "ட்யூனர் நன்றாக இருக்கிறது. அதற்கு ஒரு கோப்பு தேவை, நிறுவட்டுமா?" என்று கேட்கிறது. "நன்றாக இருக்கிறது" என்று தொடங்குவதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அந்த நிமிடத்தில் அவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

வட்டுக்காரன் சொன்னதைப் படித்த பிறகு கருவியின் முடிவையே மாற்றிவிட்டேன். முன்பு அமைப்புகளைச் சேமித்ததும் "தயார்" என்று சொல்லி முடிந்துவிடும். இனி அப்படி இல்லை. முதலில், இலவசச் சேனல் ஒன்றில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, அந்தக் கோப்பில் பாக்கெட்டுகளின் தொடர் எண் எங்கெல்லாம் அறுபடுகிறது என்று எண்ணுகிறது. பிறகு இன்னொரு பதிவைச் சிறிது நேரம் கழித்து வருமாறு வைத்துவிட்டு, "கணினியை மறுதொடக்கம் செய்யப்போகிறேன். லாகின் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள்" என்று சொல்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் பதிவானால்தான் அது டிவி பதிவு. அந்தக் கோப்பு சரியான டிஸ்க்கில் இருந்து ஓடினால் மட்டுமே "தயார்" வரும்.

ஒரு சந்தேகம். கடிகாரத்துக்குத் தனி பேட்டரி இல்லாத சின்ன போர்டுகளில், இணையம் வரும்வரை நேரம் தப்பாக இருக்கிறது. இந்த இரண்டாவது சோதனை அங்கே தவறிப்போகாதா?

அலைக்கம்பம்:

போகும், போகவும் வேணும். நிஜப் பதிவும் அங்கே அப்படித்தான் தவறும். ஆனா காரணத்தைப் பிரிச்சுச் சொல்லுங்க. ஒளிபரப்புக்குள்ளேயே நேரம் வருது, டிடிடிங்கிற நேர அட்டவணை, பிஐடி (பாக்கெட் அடையாள எண்) 0எக்ஸ்14, யுடிசிங்கிற உலகப் பொது நேரத்துல. மறுதொடக்கத்துக்கப்புறம் ஏதாவது ஒரு மக்ஸை லாக் பண்ணி அந்த நேரத்தையும் கணினி நேரத்தையும் ஒப்பிட்டா, கடிகாரம்தான் காரணமான்னு உடனே தெரிஞ்சுடும். இணையமே இல்லாத வீட்டுலயும் இது வேலை செய்யும்.

நிகழ்ச்சி அட்டவணைக்கும் அதே வழிதான், முதல்ல ஒளிபரப்புலேயே வர்ற ஈஐடிங்கிற நிகழ்ச்சிப் பட்டியலை வச்சே ஆரம்பிங்க. சில இடங்கள்ல இப்போ ஓடறது, அடுத்து வர்றதுன்னு ரெண்டு மட்டும்தான் அனுப்புவாங்க. அப்படி இருந்தா மட்டும் எக்ஸ்எம்எல்டிவி (வெளியிலேர்ந்து எடுக்கற நிகழ்ச்சி அட்டவணைக் கோப்பு) பேச்சை எடுங்க.

டிஷ் பக்கம் போகும்போது ஒன்னு ஞாபகம் வச்சுக்கங்க. அங்கே பூஜ்ஜியத்தைவிட பாதி கிடைக்கறதுதான் அதிகம். செங்குத்து மக்ஸ் எல்லாம் வந்து கிடைமட்டம் வரலைன்னா டிஷ் முனையில சிக்னலைப் பிடிக்கிற எல்என்பிக்கு 18 வோல்ட் போய்ச் சேரலை, 13தான் போகுது. 11700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கிடைச்சா 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போகலை. இதையும் கருவியே சொல்லணும்.

பதிவுப்பெட்டி:

டிடிடி ஒப்பீடு அருமை, இன்றே சேர்க்கிறேன். முதல் பதிப்பில் ஆன்டெனாவும் கேபிளும் மட்டும்தான். ட்யூனர் வகையை வைத்து முடிவு செய்ய முடியாதபோது அந்த ஒரு கேள்வி இருக்கும், டிஸ்க் கேள்வி இருக்கும், வேறு கேள்வி இருக்காது. டிஷ்ஷை அடுத்த பதிப்புக்கு வைத்திருக்கிறேன்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். என்னிடம் இருப்பது இரண்டு வகை ட்யூனர்தான். வேறு சிப் வைத்திருப்பவர்கள், ட்யூனரைச் செருகி ஃப்ரன்ட்எண்டை ஒருமுறை திறந்த பிறகு கெர்னல் லாகில் வரும் வரிகளை இங்கே ஒட்டுங்கள். ஃபர்ம்வேர் கோப்பை வேண்டுமென்றே வேறு பெயருக்கு மாற்றிவைத்து எடுத்த லாகும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு டிரைவரும் அதை வேறு விதமாக எழுதுகிறது, எல்லாவற்றையும் கருவி அடையாளம் காண வேண்டும்.