பேட்டில்குரூசருக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மைக்கூடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான கடற்போர் வரலாற்று நூல் ஒன்றில் ஜட்லண்ட் அத்தியாயம் (முதல் உலகப்போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய கடற்போர்) என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வார்ஷிப் என்ற பொதுப்பெயருக்கும் போர்க்கப்பல், தடித்த கவசமும் பெரிய பீரங்கிகளும் கொண்ட பேட்டில்ஷிப்புக்கும் போர்க்கப்பல், அதைவிட வேகமான பேட்டில்குரூசருக்கும் போர்க்கப்பல் என்று இதுவரை ஓட்டிவிட்டேன். நேற்று இரவு இந்த வாக்கியத்தில் முட்டி நின்றேன்: "1916 மே 31 அன்று வெடித்துச் சிதறிய மூன்று மிகப்பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் போர்க்கப்பல்கள் அல்ல, போர்க்கப்பல்கள்." என் மகள் படித்துவிட்டு, "அம்மா, தூங்கு" என்றாள்.

பேட்டில்ஷிப், பேட்டில்குரூசர் இரண்டுக்கும் வேறுவேறு சொல் வேண்டும். குரூசரைச் 'சுற்றுலாக் கப்பல்' என்று போட்ட ஒரு மொழிபெயர்ப்பை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அது மட்டும் வேண்டாம்.

ஒற்றெழுத்து எழுதியது:

அம்மா, முதலில் மூலச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பாய்மரக் காலத்தில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, பக்கவாட்டுப் பீரங்கிகளால் சுட்டன. அந்த வரிசையில் நிற்கத் தகுந்த கப்பலுக்குப் 'போர் வரிசைக் கப்பல்' என்று பெயர். பேட்டில்ஷிப் அதன் சுருக்கம்தான். வெறும் 'போர்' என்று பெயர்த்தால் வரிசை போய்விடுகிறது. நம்மிடம் அதற்கு அணி என்ற சொல் இருக்க, கலமும் இருக்க, என்ன தயக்கம்? அணிக்கலம்.

பேட்டில்குரூசர் அணிக்கு முன்னே போய்ப் பகைவனை உளவறிந்து முதல் அடி கொடுப்பது. முன்னணிப் படைக்குத் தூசி என்றும் தார் என்றும் பெயர் உண்டு. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்று வள்ளுவரே சொல்கிறார். தூசிக்கலம், தார்க்கலம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாக்குநீரிணை எழுதியது:

ஐயா, தூசிக்கலம் என்றால் பிள்ளைகள் தும்முவார்கள், தார்க்கலம் என்றால் வீதி போட வந்தது என்பார்கள். அணிக்கலத்தில் அதைவிடப் பெரிய சிக்கல். அச்சில் ஒரு 'க்' விழுந்துவிட்டால் அணிகலம். 18,000 டன் எடையுள்ள ட்ரெட்னாட் என்ற பிரிட்டிஷ் பேட்டில்ஷிப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் இலங்கைப் பக்கத்தில் டெஸ்ட்ராயருக்கு நாசகாரி என்பது பத்திரிகையில் படிந்துவிட்டது. யாரும் அதன் வேரைத் தோண்டவில்லை. குரூசரையும் குரூசர் என்றே விட்டால் என்ன குறை?

ஒற்றெழுத்து எழுதியது:

தம்பி, அணிகலம் வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. அணிக்கலம் பெயரோடு பெயர் சேர்ந்த தொகை, மிகும். ஒரே ஒற்றில் பொருள் பிரிகிற அழகைப் பிழை என்கிறீர்களே! மெய்ப்புத் திருத்துபவருக்கு இலக்கணம் தெரியாதென்றால் அது அணியின் குற்றமன்று.

இன்னொன்று. குரூசர் டச்சுக்காரர் சொல். கடலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடப்பது என்று பொருள். சிலுவைக்கான லத்தீன் சொல்வரை அதன் வேர் போகிறது. குறுக்காகக் கிடப்பதுதானே சிலுவை? குறு, குறுக்கு, குறுக்கம், குறுக்கை... ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. போர்க்குறுக்கன் என்று ஆண்பால் ஈறு சேர்த்தால் கம்பீரமாகவும் இருக்கும்.

கொதிகலன் எழுதியது:

வாத்தியார் ஐயா மன்னிக்கணும், போர்க்குறுக்கன் என்றதும் எனக்குக் குறுக்குச்சந்துதான் ஞாபகம் வருகிறது.

இருபத்தெட்டு வருடம் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் இருந்தவன் நான். கப்பலைக் கீழிருந்து பார்த்துதான் பழக்கம். 1906-இல் வந்த ட்ரெட்னாட்டில் 12 அங்குலப் பீரங்கி பத்து, கொதிகலன் 18, வேகம் 21 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). இரண்டு வருடம் கழித்து முடிந்த பேட்டில்குரூசரான இன்வின்சிபிளில் அதே 12 அங்குலப் பீரங்கி எட்டு, கொதிகலன் 31, வேகம் 25 நாட். நாலு நாட்தானே என்று நினைக்காதீர்கள். அதற்கு 23,000 குதிரைத்திறனை 41,000 ஆக்க வேண்டியிருந்தது. அந்த எடைக்கு எங்கே போவது? பக்கக் கவசத்தில் கைவைத்தார்கள். ட்ரெட்னாட்டுக்கு 11 அங்குலம், இதற்கு 6. சண்டை போடக்கூடியதைவிட்டு ஓடவும், ஓடுவதைத் துரத்தவும் கட்டிய கப்பல் இது. ஆகவே என் ஓட்டு வேட்டைக்கப்பலுக்கு.

அது வேட்டையாடியும் காட்டியது. 1914 டிசம்பர் 8, தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகள். இன்வின்சிபிளும் அதே வகை இன்ஃப்ளெக்சிபிளும் சேர்ந்து ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவு என்ற ஜெர்மன் குரூசர்கள் இரண்டையும் துரத்திப் பிடித்து ஒரே பிற்பகலில் மூழ்கடித்தன. ஜெர்மன் தளபதி ஸ்பீயும் அவருடைய இரண்டு மகன்களும் அன்றைக்கே போனார்கள். அதே இன்வின்சிபிளை ஜட்லண்டில் பெரிய பீரங்கிகளுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஆறு பேர் பிழைத்தார்கள். 'கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' என்பதை ஐயா எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாக்குநீரிணை எழுதியது:

ஸ்பீ என்றதும் ஒரு கிளைக்கதை, மைக்கூடு அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய அணியிலிருந்து பிரிந்து வந்ததுதான் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். அது வெறும் இலகு குரூசர், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். நவம்பரில் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதை முடித்துவிட்டது. கப்பல் போய் நூறு வருடத்துக்கு மேலாகியும் 'அவன் சரியான எம்டன்' என்று தமிழில் ஆளைச் சொல்கிறோம். எந்தக் கலைச்சொல் குழுவைக் கேட்டு அந்தச் சொல் உள்ளே வந்தது?

மைக்கூடு எழுதியது:

கிளைக்கதை நன்றாக இருக்கிறது, இன்று புதன்கிழமை.

வேட்டைக்கப்பல் எனக்கும் பிடித்தது. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். "பிரிட்டிஷ் தளபதி பீட்டியின் ஆறு வேட்டைக்கப்பல்கள் ஜெர்மன் தளபதி ஹிப்பரின் ஐந்து வேட்டைக்கப்பல்களை எதிர்கொண்டன." ஓசை சரி. ஆனால் யார் யாரை வேட்டையாடுகிறார்கள்? நீர்மூழ்கி வேட்டைக்கு வந்த சிறிய கப்பல் என்றும் மாணவர் நினைக்கலாம்.

மென்கவசக் கப்பல் என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் ஒத்துவராது. ஜெர்மனியின் சைட்லிட்ஸும் இதே வகைதான், ஆனால் அதன் பக்கக் கவசம் 300 மில்லிமீட்டர். ட்ரெட்னாட்டைவிடத் தடிமன். தவிர, மூன்று கப்பல்கள் வெடித்ததற்குக் கவசத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. வேகமாகச் சுட வேண்டும் என்று வெடிமருந்துக் கிடங்கின் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள், மருந்துப் பைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். பீரங்கிக் கோபுரத்தில் பிடித்த தீ அந்த வழியே கீழே இறங்கியது. லயன் என்ற பிரிட்டிஷ் கப்பலில் மேஜர் ஹார்வி சாகக் கிடந்த நிலையிலும் கிடங்கில் தண்ணீர் விடச் சொன்னதால் அந்தக் கப்பல் பிழைத்தது. சைட்லிட்ஸுக்கு இந்தப் பாடம் முந்தைய ஆண்டே வடகடலின் டாகர் பாங்க் சண்டையில் கிடைத்துவிட்டது, பின்கோபுரங்கள் இரண்டும் எரிந்து. பெயரிலேயே 'மென்கவசம்' என்று எழுதிவிட்டால் விசாரணை முடிவதற்குள் தீர்ப்பு எழுதியது போலாகிவிடும்.

ஒற்றெழுத்து எழுதியது:

சரி, விரைபோர்க்கலம்? விரை என்பது இங்கே வினை. விதை என்ற பொருளும் உண்டு, அதை விட்டுவிடலாம்.

கொதிகலன் எழுதியது:

அதை விட முடியாத பொருள் இன்னொன்றும் இருக்கிறது ஐயா, கல்லூரிப் பையன்கள் விடமாட்டார்கள்.

வேகத்தைப் பெயரில் வைக்காதீர்கள். ஜட்லண்டிலேயே குயீன் எலிசபெத் வகை வந்துவிட்டது. 15 அங்குலப் பீரங்கி, கிட்டத்தட்ட 24 நாட், முழுக் கவசம். அதை வேகமான பேட்டில்ஷிப் என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் ஜப்பானின் கொங்கோ. 1913-இல் இங்கிலாந்தில் கட்டி முடித்தபோது பேட்டில்குரூசர். பிறகு கவசம் கூட்டி, கொதிகலன் மாற்றி, பேட்டில்ஷிப் என்று பெயரையும் மாற்றினார்கள். நீங்கள் என்ன சொல் வைத்தாலும் அந்தக் கப்பல் நடுவழியில் அதைக் கழற்றிப் போட்டுவிடும்.

பாக்குநீரிணை எழுதியது:

ஆங்கிலத்திலும் இது பிறவிப் பெயர் இல்லை. இன்வின்சிபிள் படையில் சேர்ந்தபோது கவசக் குரூசர்தான். பேட்டில்குரூசர் என்ற பெயரைக் கடற்படை முறைப்படி ஏற்றது 1911-இல். ஜெர்மன்காரர் கடைசிவரை 'பெரிய குரூசர்' என்றே எழுதினார்கள். அவர்களே இவ்வளவு அலட்சியமாக இருக்கும்போது நாம் மட்டும் ஏன் சங்கத்தமிழில் அழ வேண்டும்? போர்க் குரூசர் என்று போடுங்கள் அக்கா.

மைக்கூடு எழுதியது:

வெள்ளி காலை. பேட்டில்ஷிப் பெரும்போர்க்கப்பல், பேட்டில்குரூசர் போர்க் குரூசர். முதலில் வரும் இடத்தில் கொதிகலன் அண்ணன் சொன்ன கொதிகலன் கணக்கை நாலு வரியில் சேர்த்துவிட்டேன். ஐந்து பேர் தனிமடலில் சரி என்றார்கள், இரண்டு பேர் 'ஏதோ ஒன்று' என்றார்கள். கோப்பு போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஒற்றெழுத்து எழுதியது:

போர்க் குரூசர் பாதித் தமிழ். ஒற்றையாவது விடாமல் போட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பெரும்போர்க்கப்பலை எப்படிப் பிரிப்பது? பெரும் + போர்க்கப்பலா, பெரும்போர் + கப்பலா? உங்கள் அத்தியாயமே முதல் பெரும்போரைப் பற்றியது. அந்தப் போரில் மிதந்ததெல்லாம் பெரும்போர்க் கப்பல்தானே அம்மா?

மைக்கூடு எழுதியது:

ஐயா, இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?