டிபிஎன் (ரத்தநாளம் வழி முழு ஊட்டச்சத்து) பை கலக்கும்போது தெளிவு, 6 மணி நேரத்தில் லைனில் வெள்ளைத் துகள்

கேள்வி:
பச்சிளங்குழந்தைக்கு 100 மி.லி. பை. கொழுப்பு தனி சிரிஞ்சில் போகிறது. 50% டெக்ஸ்ட்ரோஸ் 20 மி.லி., 10% அமினோ அமிலம் 10, 10% கால்சியம் குளுக்கோனேட் 8, பொட்டாசியம் பாஸ்பேட் 0.6 (மி.லி.க்கு 3 மில்லிமோல் பாஸ்பேட்), மீதி ஸ்டெரைல் வாட்டர். டெக்ஸ்ட்ரோஸில் பாஸ்பேட், உடனே கால்சியம், பிறகு தண்ணீர், கடைசியாக அமினோ. ஃப்ரிட்ஜிலும் தெளிவாகவே இருந்தது. இன்குபேட்டருக்குள் ஓடும் லைனில் துகள் தெரிகிறது. ஃபில்டர் போட்டுத் தொடரலாமா?

பதில் 1:
வேண்டாம். உடனே நிறுத்தி, பையையும் லைனையும் சேர்த்து மாற்றுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். கால்சியம் பாஸ்பேட் துகள் நுரையீரல் நுண்குழாய்களை அடைக்கும். 1994இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டதே இதனால் நேர்ந்த 2 மரணங்களுக்குப் பிறகுதான். கொழுப்பில்லாத பைக்கு 0.22 மைக்ரான் ஃபில்டர் முதலிலிருந்தே இருக்க வேண்டும். படிந்த பையைக் காப்பாற்ற அது உதவாது.

தப்பு வரிசையில்தான். கால்சியம் விழும் நேரத்தில் பையில் 28.6 மி.லி. மட்டுமே. 1.8 மில்லிமோல் பாஸ்பேட் அதில் லிட்டருக்கு 63 மில்லிமோல். முழுப் பையில் 18. கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் அப்போதே உருவாகியிருக்கலாம். டெக்ஸ்ட்ரோஸ், அமினோ, தண்ணீர் மூன்றையும் முதலில் சேருங்கள். பிறகு பாஸ்பேட், நன்றாகச் சுழற்றுங்கள். சோடியம், மெக்னீசியம் அடுத்து. கால்சியம் கடைசியில், மறுபடி சுழற்றி, கறுப்புப் பின்னணியில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
வரிசையை மாற்றினால் இதே அளவு தாங்குமா சார்? ஃப்ரிட்ஜில் ஏன் தெரியவில்லை?

பதில் 2:
100 மி.லி. பையில் உங்கள் அமினோ 1%தான், அதில் நம்ப முடியாது. அமினோ அமிலம் பிஹெச்சைக் குறைத்து, பாஸ்பேட்டைக் கரையும் வடிவத்தில் வைக்கிறது. டாக்டர் 3% எழுதினால் நிலைமை நிறையவே மாறும். ஆனாலும் உங்கள் அமினோ பிராண்டுக்கான கரைதிறன் வரைபடத்தைப் பாருங்கள். கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பெருக்கி ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் ஆபத்து.

சூடு ஏற ஏற குளுக்கோனேட்டிலிருந்து கால்சியம் அதிகம் பிரியும், படிவும் கூடும். ஃப்ரிட்ஜில் தெளிவாக இருப்பது எதற்கும் சான்றல்ல. கால்சியம் குளோரைடுக்கு மாறிவிடாதீர்கள், அது இன்னும் மோசம்.

கிடைத்தால், கால்சியத்தோடு எளிதில் படியாத சோடியம் கிளிசரோபாஸ்பேட் வாங்குங்கள். மி.லி.க்கு 1 மில்லிமோல் பாஸ்பேட், 2 மில்லிமோல் சோடியம். உங்கள் பைக்கு 1.8 மி.லி.; கூடவே 3.6 மில்லிமோல் சோடியம் வரும், அதை சோடியம் குளோரைடு கணக்கில் கழியுங்கள். பழைய மருந்து தந்த பொட்டாசியம் போய்விடும், லேபிள் பார்த்துத் தனியாகச் சேருங்கள்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போனது: அந்த லைனில் பைகார்பனேட் கூடாது, கார்பனேட்டாகப் படியும். அமிலத்தன்மையைச் சரிசெய்ய அசிடேட். பச்சிளங்குழந்தைக்குக் கால்சியம் ஓடும்போது செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் வேறு லைனில்கூட வேண்டாம்.