ஹோவர்ட் சாப்பல் ஹிஸ்டரி படிச்சவரா, படகு கட்றவரா?

மரக்கப்பல்: கப்பல் மாடல் செய்றேங்க, பழைய அமெரிக்க ஸ்கூனர் (ஒரு வகை பாய்மரக் கப்பல்) பிளான் எதை எடுத்தாலும் ஓரத்துல சாப்பல்னு பேர் நிக்குது. யாருப்பா இவரு, ஸ்மித்சோனியன் மியூசியத்துல எப்படி கியூரேட்டர் ஆனாரு?

பாய்மரம்: 1901ல பொறந்தவர், 1919லயே படகு டிசைன் வேலைக்கு அப்ரண்டிஸா போயிட்டாரு. 30கள்ல வேலையில்லாதவங்கள வச்சு பழைய கப்பல்கள அளந்து வரைய அரசாங்கம் ஒரு சர்வே நடத்துச்சுல்ல, அதுல நியூ இங்கிலாந்து பக்கம் இவர்தான் தலை. சேத்துல மக்கிக் கிடக்குற படகையும் விடாம டேப்பு, தூக்குகுண்டு வச்சு வளைவு வளைவா அளந்து பேப்பர்ல ஏத்தற வேலை. ஸ்மித்சோனியன் போனது 1957ல, வயசு 56! நமக்கும் இன்னும் டைம் இருக்கு 😄

நங்கூரம்77: அமெரிக்காவுல பால்டிமோர்ல நிக்கிற கான்ஸ்டலேஷன்ங்கிற பழைய போர்க்கப்பல் கதைய விட்டுட்டீங்களே. அது 1797ல கட்டுன ஃப்ரிகேட் (ஒரு வகை பாய்மரப் போர்க்கப்பல்) கிடையாது, 1854ல புதுசா கட்டுனதுன்னு இவர் சொல்ல, பெரிய சண்டையே நடந்துச்சு. மனுஷன் 1975ல போயிட்டாரு, 1991ல வந்த ஆய்வு அவர் சொன்னதுதான் சரின்னுடுச்சு.

பாய்மரம்: ஆமா. ஆனா அவர் பிளான அப்படியே நம்பிடாதீங்க, சிலதுல நேர்ல அளந்தது எது, ஊகிச்சு வரைஞ்சது எதுன்னு பிரிக்கவே முடியாது.

மரக்கப்பல்: அய்யோ, பாதி பலகை ஒட்டிட்டேனே!