டிக்‌ஷனரி ஆஃப் நேஷனல் பயோகிராஃபி: 63 வால்யூமா, 66-ஆ, 22-ஆ?

விக்டோரியன்_வாசகி:
வணக்கம். மேத்யூ அர்னால்டு பத்தி ஒரு பேப்பர் எழுதிட்டு இருக்கேன், அந்தக் காலத்து ஆளுங்க அவரை எப்படி மதிப்பிட்டாங்கன்னு தெரிஞ்சுக்க டிஎன்பி (தலைப்புல இருக்கற டிக்‌ஷனரி, பிரிட்டிஷ் பிரமுகர்களோட வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பு) ஸ்கேன் காப்பிய நெட்ல எடுத்தேன். 2-வது வால்யூம், 1885. அவரோட அப்பா தாமஸ் அர்னால்டு இருக்காரு, மேத்யூவ மட்டும் காணோம். அவ்ளோ பெரிய கவிஞரை எப்படி விட்டாங்க? இன்னொரு குழப்பமும் இருக்கு, ஒரு இடத்துல மொத்தம் 63 வால்யூம்னு போட்டிருக்கு, வேற இடத்துல 66-ங்கிறாங்க, இன்னொரு ஸ்கேன் செட்ல பார்த்தா 22 தான் இருக்கு. எது ஒரிஜினல்? ஃபுட்நோட்ல எதைக் கொடுக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நூலகவாசி:
விடல மேடம், அப்போ அவர் உயிரோட இருந்தாரு! டிஎன்பில உயிரோட இருக்கறவங்களுக்கு இடமே கிடையாது, அதுதான் ரூல். மேத்யூ அர்னால்டு இறந்தது 1888-ல, அதுக்குள்ள 'ஏ' எழுத்து எல்லாம் முடிஞ்சு போயாச்சு. ராபர்ட் பிரவுனிங்குக்கும் இதே கதைதான், அவர் பேர் வரவேண்டிய 7-வது வால்யூம் 1886-லயே வந்துடுச்சு, அவர் இறந்தது 1889 டிசம்பர்ல. கிளாட்ஸ்டனும் அப்படித்தான், அவர் எழுத்து 1890-ல தாண்டிடுச்சு, மனுஷன் 1898 வரைக்கும் இருந்தாரு. ஆனா டென்னிசன பாருங்க, 1892-ல இறந்தாரு, 'டி' (T) வர்றதுக்கு 1898 ஆச்சு, அதனால மெயின் செட்லயே இடம் கிடைச்சிடுச்சு. பேரோட முதல் எழுத்தும் இறந்த வருஷமும் எப்படி அமையுதோ அதை வச்சுதான் ஒருத்தர் எந்தப் புஸ்தகத்துல இருக்காருங்கிறதே.

இப்படி விட்டுப் போனவங்களுக்காகத்தான் 1901-ல சப்ளிமென்ட் 3 வால்யூம் போட்டாங்க, விக்டோரியா ராணி இறந்த 1901 ஜனவரி 22 வரைக்கும் இறந்தவங்க அதுல வருவாங்க. உங்க ஆள் அதோட முதல் வால்யூம்ல இருக்காரு, அபாட்ல ஆரம்பிச்சு சில்டர்ஸ்ல முடியும், எழுதினது ரிச்சர்ட் கார்னெட். 63-ஓட இந்த 3-ஐ சேர்த்தா 66, உங்க முதல் ரெண்டு கணக்கும் சரிதான். 22 பத்தி வேற யாராவது விளக்கமா சொல்லுவாங்க.

காகிதப்பூச்சி:
22-க்கு வர்றதுக்கு முன்னாடி இது எப்படி வந்து முடிஞ்சுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா எனக்கு இதுல பெரிய ஆச்சரியமே வால்யூம் எண்ணிக்கை இல்ல, முடிஞ்சுதுங்கிறதுதான். இதுக்கு முன்னாடி இங்கிலாந்துல இந்த மாதிரி ஆரம்பிச்சது எல்லாம் பாதியிலயே நின்னிருக்கு. பயோகிராஃபியா பிரிட்டானிக்காவோட ரெண்டாவது பதிப்பு 'எஃப்' வரைக்கும் வந்து 1793-ல படுத்துடுச்சு. 1842-ல ஒரு சொசைட்டி பெரிய டிக்‌ஷனரி ஒண்ணு ஆரம்பிச்சாங்க, 1844 வரைக்கும் 7 பகுதி வந்துச்சு, அந்த ஏழும் சேர்ந்து 'ஏ' எழுத்து மட்டும்தான், அதோட சரி.

ஜார்ஜ் ஸ்மித்ங்கிற பதிப்பாளர் (ஸ்மித் எல்டர் கம்பெனி, ஜேன் அயர் போட்டவங்க) இதை எல்லாம் பார்த்தும் இறங்கினாரு. முதல்ல உலகத்துல இருக்கற எல்லாரையும் சேர்த்து ஒரு டிக்‌ஷனரி போடணும்னுதான் அவருக்கு ஆசை, இதுக்கு முதல் எடிட்டரா இருந்த லெஸ்லி ஸ்டீபன்தான் அதெல்லாம் ஆகாது, நம்ம நாட்டோட நிறுத்திக்குவோம்னு பேசி சம்மதிக்க வச்சாரு. 1882 டிசம்பர்ல அதீனியம் பத்திரிகைல அறிவிப்பு, 1885 ஜனவரில முதல் வால்யூம், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு 1900 நடுவுல 63 வர்ற வரைக்கும் ஒரு தடவை கூட தவறல. நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, பதினஞ்சரை வருஷம், அச்சுக் கோக்கறது கையால, நூத்துக்கணக்கான பேர் கையால எழுதி தபால்ல அனுப்பற கட்டுரைங்க, அதுக்கு நடுவுல எடிட்டரே உடம்பு முடியாம விலகறாரு. ஸ்டீபன் 1891-ல போனதும் சிட்னி லீ எடுத்தாரு. முதல் 21-ல ஸ்டீபன் பேர், 22-ல இருந்து 26 வரைக்கும் ரெண்டு பேரும், அதுக்கப்புறம் லீ மட்டும். ஸ்டீபனோட சின்னப் பொண்ணு 1882-ல பொறந்தவ, அவதான் பின்னாடி வர்ஜீனியா வூல்ஃப், அவ குழந்தைப் பருவம் முழுக்க வீட்ல இந்த வேலைதான் ஓடிட்டு இருந்துச்சு.

பேர் தேர்வு பண்ற விதமும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்து வரப்போற பேர்களோட லிஸ்ட்ட அதீனியத்துலயே முன்கூட்டியே போட்டுடுவாங்க, விட்டுப் போனவங்க யாராவது இருந்தா வாசகர்களே எழுதிப் போடலாம். கட்டுரைல புகழ்ச்சிக்கு இடமில்ல, வருஷம், ஊர், என்ன செஞ்சாரு, எங்க ஆதாரம், அவ்ளோதான். எழுதினவங்க கூடின ஒரு விருந்துல ஐங்கர்ங்கிற பாதிரியார், மலர் வளையம் வேண்டாம்ங்கிறதுதான் இங்க கொள்கைன்னு சொன்னாராம். இழவு அறிவிப்புல போடற அந்த வரி இதுக்கு எவ்ளோ பொருத்தம் பாருங்க.

பண விஷயத்துல ஸ்மித்துக்கு இது முழு நஷ்டம், அது தெரிஞ்சேதான் செஞ்சாரு. அப்பாலினாரிஸ்னு ஒரு மினரல் வாட்டர் வியாபாரத்துல அவருக்கு நல்ல லாபம் வந்துட்டு இருந்துச்சு, அந்தக் காசுதான் இதைத் தாங்கிச்சு. 1901 ஏப்ரல்ல அவர் இறந்துட்டாரு. அந்த வருஷம் வந்த சப்ளிமென்ட்டோட முதல் வால்யூம திறந்தீங்கன்னா முன்னாடியே லீ எழுதின அவரோட வாழ்க்கை இருக்கும். அர்னால்டு பார்க்கப் போறப்போ அதையும் படிச்சிடுங்க.

விக்டோரியன்_வாசகி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், அர்னால்டு கிடைச்சாச்சு! சரி அந்த 22?

அடிக்குறிப்பு:
22-ங்கிறது 1908-09-ல வந்த மறுபதிப்பு. 63-ஐ நெருக்கி 21 ஆக்கி, 1901 சப்ளிமென்ட்ட 22-வதா வச்சுட்டாங்க. ஸ்கேன்ல எதுன்னு தெரியலன்னா முதல் வால்யூமோட டைட்டில் பக்கத்தைப் பாருங்க. அபாடில ஆரம்பிச்சு ஆன்-ல முடிஞ்சா பழைய செட், அபாடில ஆரம்பிச்சு பீடன்-ல முடிஞ்சா 1908. நிறைய பேர் ஒரு செட்டோட வால்யூம் நம்பரையும் இன்னொண்ணோட பக்க நம்பரையும் கலந்து ஃபுட்நோட் போடறாங்க, அதைத் தேடிப் போறவங்க பாடு திண்டாட்டம்.

எதை மேற்கோள் காட்டறதுன்னா, நூலகவாசி சொன்ன விதில இருந்து பார்த்தா பழசுதான் ஒரிஜினல்னு தோணும், ஆனா நான் கொஞ்சம் மாத்திச் சொல்லுவேன். 1904-ல பிழைதிருத்தத்துக்கே தனியா ஒரு வால்யூம் போட்டாங்க, அந்தத் திருத்தமெல்லாம் 1908 பதிப்புல உள்ள போயிடுச்சு. தகவல் வேணும்னா 1908. உங்க மாதிரி, 1890-கள்ல ஒரு வாசகர் என்ன படிச்சாருன்னு பார்க்கணும்னா 63 செட், அர்னால்டுக்கு மட்டும் 1901 சப்ளிமென்ட். ரெண்டுல எதுவானாலும் வருஷத்தைப் போடுங்க, கட்டுரையோட கடைசில இருக்கற இனிஷியலை வச்சு எழுதினவர் பேரையும் போடுங்க. 'எல். எஸ்.'னு இருந்தா ஸ்டீபன். மத்தவங்க யாருன்னு வால்யூம் முன்னாடி இருக்கற பட்டியல்ல பார்த்துக்கலாம்.

1912-ல லீயே இன்னொரு சப்ளிமென்ட் போட்டாரு, 1901-ல இருந்து 1911 வரைக்கும் இறந்தவங்களுக்கு. 1917-ல ஸ்மித் குடும்பம் மொத்தத்தையும் ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பிரஸ்ஸுக்குக் கொடுத்துட்டாங்க, அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒண்ணுன்னு போச்சு.

காகிதப்பூச்சி:
1993-ல வந்த மிஸ்ஸிங் பெர்சன்ஸ் (விட்டுப் போனவங்க) வால்யூமையும் சேர்த்துக்கோங்க. கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் 1889-ல இறந்தாரு, கவிதைங்க புஸ்தகமா வந்ததே 1918-ல, அதனால எந்த செட்லயும் ஆள் இல்ல, அவருக்கு இடம் கிடைச்சது இதுலதான். பெண்கள் விஷயம் இன்னும் மோசம், பழைய செட்ல அவங்க பங்கு ரொம்ப ரொம்பக் கம்மி, அது எனக்கு இன்னைக்கும் உறுத்துது, இவ்ளோ உழைச்சவங்க கண்ணுல அவங்க படவே இல்லியேன்னு.

அடிக்குறிப்பு:
ஆமா, அதனாலதான் 1992-ல காலின் மேத்யூ எல்லாத்தையும் புதுசா எழுத ஆரம்பிச்சாரு, ஆனா பழசுல இருந்த ஒருத்தரையும் தூக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாரு, அது ரொம்ப நல்ல முடிவு. அவர் 1999-ல இறந்துட்டாரு, பிரையன் ஹாரிசன் முடிச்சு 2004-ல 60 வால்யூமா வந்துச்சு, ஆன்லைன்லயும் இருக்கு. மேடம், புதுசுல இருக்கற அர்னால்டு கட்டுரையையும் பக்கத்துல வச்சுப் படிங்க, கார்னெட் எதுக்கு அதிக இடம் கொடுத்தாரு, எதைத் தொடாமப் போனாருன்னு பார்த்தாலே உங்க பேப்பருக்கு ரெண்டு மூணு பக்கம் கிடைக்கும். 60-ங்கிற நம்பரைப் பார்த்தா 63-னு நினைச்சுக் குழப்பிக்காதீங்க, அது முழுக்க வேற புஸ்தகம்.